மறு: ‘ஆதரவற்ற வன்பொருள்’ – வேறு சொல் தேடுவோம்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

மெய்நிகராக்க வழங்கி மென்பொருளின் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளின்) நிறுவல் செய்திகளைத் தமிழாக்கும் இழையில் நேற்று ‘அன்சப்போர்ட்டட் ஹார்ட்வேர்’ என்பதற்கு வந்த வரியைப் பார்த்தேன்: ‘இது ஆதரவற்ற வன்பொருள். நிறுவலைத் தொடர இயலாது.’ படித்ததும் அந்தக் கணினியைக் கைப்பிடித்து அழைத்துப்போய் ஏதாவதோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று தோன்றியது. ‘ஆதரவற்ற’ என்று தொடங்கினாலே அடுத்து குழந்தையோ முதியவரோ வருவார் என்றுதான் தமிழ்க் கண் எதிர்பார்க்கிறது. அங்கே ஒரு மதர்போர்டு வந்து நின்றால் சிரிப்பு வருகிறது. பிழைச்செய்தியைப் பார்த்துப் பயனர் சிரிக்கக் கூடாது; என்ன செய்யலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சிரிப்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது உண்மையில் மூன்று நான்கு வெவ்வேறு நிலைகள். சென்ற மாதம் இரண்டு பழைய கணினிகளோடு மல்லுக்கட்டியபோதுதான் இது எனக்கு உறைத்தது.

முதல் கணினிக்கு வயது பன்னிரண்டுக்கு மேல். நான்கு கருக்கள் (கோர்), 16 ஜிபி நினைவகம், நல்ல உடல்நிலை. ஒரு ஹைப்பர்வைசரின் (மெய்நிகர் எந்திரங்களை ஓட்டி மேய்க்கும் மென்பொருளின்) சற்றுப் பழைய பதிப்பை நிறுவத் தொடங்கினேன். ‘இந்த மையச்செயலி (சிபியு) வருங்காலப் பதிப்புகளில் இடம்பெறாமல் போகலாம், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்’ என்ற பொருளில் ஒரு மஞ்சள் வரி வந்தது. என்டர் தட்டியதும் தொடர்ந்தது, நிறுவியும் முடிந்தது. பிறகு ஆசை யாரை விட்டது, அடுத்த பெரிய பதிப்புக்குப் போனேன். இம்முறை எச்சரிக்கை இல்லை, கண்டிப்பான மறுப்பு: இந்த மையச்செயலி எங்கள் பட்டியலில் இல்லை. தொடக்கத்திரையில் ஒரு விருப்பத்தைத் தட்டெழுதி அந்தச் சோதனையைத் தாண்டினேன். உடனே அடுத்த தடை: பிணைய அட்டையே காணவில்லையாம். முந்தைய பதிப்பு அரை மணி நேரத்துக்கு முன்பு அதே அட்டை வழியாகத்தான் முகவரி வாங்கியிருந்தது. கேபிளைக்கூட நான் பிடுங்கவில்லை. வேறோர் அட்டையைச் செருகிய பிறகு எல்லாம் ஓடியது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கணினி இன்னும் மூத்தது. அதில் லினக்ஸ் அடிப்படையிலான வேறொரு மென்பொருளை நிறுவினேன். நிறுவல் தடையின்றி முடிந்தது. ஆனால் முதல் மெய்நிகர் எந்திரத்தை இயக்கச் சொன்னதும் மறுத்துவிட்டது. மையச்செயலி தன் வசதிகளைச் சொல்லும் ‘கொடிகள்’ வரிசையில், மெய்நிகராக்க வசதியைக் குறிக்கும் ‘விஎம்எக்ஸ்’ தேடினேன், இல்லை. கொள்கலன்களை (கன்டெய்னர், முழு எந்திரம் இல்லாமல் தனித்து ஓடும் மென்பொருள் பெட்டிகள்) மட்டும் அதில் ஓட்டிக்கொள்ளலாம், அவற்றுக்கு அந்தக் கொடி தேவையில்லை. முழு எந்திரங்களைப் பழைய முறையில் மென்பொருளாலேயே போலச்செய்து ஓட்டவும் வழி உண்டு. ஆனால் ஒரு சாளரம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இப்போது சொல்லுங்கள், இந்த எல்லா இடங்களிலும் ‘ஆதரவற்ற வன்பொருள்’ என்று ஒரே முத்திரையைக் குத்தினால் பயனருக்கு என்ன விளங்கும்? ஓரிடத்தில் என்டர் தட்டினால் போதும். ஓரிடத்தில் ஒரு விருப்பம் எழுத வேண்டும். ஓரிடத்தில் அட்டை மாற்ற வேண்டும். கடைசி இடத்தில் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

நுட்பப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்வதற்கு அது வேண்டும். எக்ஸ்86 செயலிகளில் மெய்நிகராக்கத்துக்கான வன்பொருள் வசதியை இன்டெல் 2005 இறுதியிலும் ஏஎம்டி 2006-லும் கொண்டுவந்தன. லினக்ஸ் கருவில் (கெர்னலில்) அதன் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம் சேர்ந்தது 2007-இல், 2.6.20 பதிப்பில். அது முழுக்க இந்த வசதியை நம்பியது. அதற்குப் பிறகு வந்த விலைகுறைந்த செயலிகள் சிலவற்றிலும் இந்த வசதி இல்லை. ஆகவே ஆண்டைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. வசதி இருந்தும் பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அமைப்பு நிரலில்) அணைத்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்போது ‘பயாஸால் முடக்கப்பட்டது’ என்று லினக்ஸ் கரு தன் பதிவேட்டில் எழுதிவைக்கும். அதையும் ‘ஆதரவற்ற’ கணக்கில் சேர்த்து நல்ல பெட்டியைத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். வரம்பும் ஓரிடத்தில் நிற்பதில்லை. விண்டோஸ் சர்வர் 2016 முதல் அதன் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-விக்கு, மையச்செயலியில் இரண்டாம்நிலை முகவரி மாற்றம் (மெய்நிகர் எந்திரங்களின் நினைவக முகவரிகளை வன்பொருளே மாற்றித்தரும் வசதி) இருப்பதும் கட்டாயமாயிற்று. முந்தைய பதிப்பு ஓடிய பெட்டிகள் சில அன்றோடு வெளியே நின்றன.

இன்னொரு வகைக்கு, விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ நல்ல எடுத்துக்காட்டு. 2020-இல் வந்த 7.0 பதிப்பில், லினக்ஸிலிருந்து எடுத்தாண்ட பழைய இயக்கிகளுக்கு (வன்பொருளோடு பேசும் நிரல்களுக்கு) இடம்தந்த அடுக்கையே நீக்கிவிட்டார்கள். 6.7 வரை வேலைசெய்த பல பிணைய அட்டைகளும் சேமிப்பகக் கட்டுப்படுத்திகளும் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போயின. அட்டையில் பழுதேதும் இல்லை. அதனோடு பேசத் தெரிந்தவர் வீட்டைக் காலிசெய்துவிட்டார், அவ்வளவுதான்.

இழையில் வந்த மாற்றுச் சொற்களுக்கு வருகிறேன். ‘பழைய வன்பொருள்’ என்று எளிமையாகச் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். எளிமை எனக்கும் பிடிக்கும், ஆனால் இது பொய்யாகிவிடும். இன்டெல்லின் 12-ஆம் தலைமுறைச் செயலிகள் 2021 இறுதியில் வந்தவை. அவற்றில் பலவற்றில் பெரிய கருக்களும் (கோர்) சிறிய கருக்களும் கலந்திருக்கும். எல்லாக் கருக்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் இஎஸ்எக்ஸ்ஐ, அந்தச் சோதனையை அணைக்காவிட்டால் ஊதாத் திரையை (அதன் முடங்கல் செய்தியை) அவற்றில் காட்டி நின்றுவிடும். புத்தம் புதிய கணினிக்கும் இந்தக் கதி உண்டு.

‘ஒத்திசையா வன்பொருள்’ என்பதும் வந்தது. ஒத்திசைவு என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்து வேலைசெய்வது. என் முதல் கணினி சோதனையைத் தாண்டியபின் அழகாகவே ஒத்திசைந்தது. நிறுவனத்தின் ஏட்டில் பெயர் இல்லை என்பதுதான் குறை.

ஆக, ‘சப்போர்ட்’ என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது? ‘இதைச் சோதித்தோம், ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் பொறுப்பு’ என்று மென்பொருள் தருபவர் சொல்வதை. அது ஓர் ஏற்பு. ‘ஏற்கா வன்பொருள்’ என்று முதலில் எழுதிப்பார்த்தேன். செல்லாக் காசு, அழியாப் புகழ் என்பவைபோல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நாவுக்கும் இதம். ஆனால் ‘படிக்காத பையன்’ என்பதில் படிக்காதவன் பையன், ‘படிக்காத புத்தகம்’ என்பதில் படிக்கப்படாதது புத்தகம். ‘ஏற்கா வன்பொருள்’ என்றால் வன்பொருள்தான் எதையோ ஏற்க மறுக்கிறது என்றும் படிக்க இடமிருக்கிறது. பிழைச்செய்தியில் அந்த இரட்டைப் பொருள் ஆகாது.

எனவே என் பரிந்துரை ‘ஏற்பிலா வன்பொருள்’. உயிரியலில் ‘ஏற்பி’ (ரிசெப்டர்) என்றொரு சொல் இருக்கிறதே, குழம்பாதா என்று உடனே ஒருவர் கேட்பார், நானும் கேட்டுக்கொண்டேன். ஏற்பி இல்லாதது ‘ஏற்பியிலா’ என்று யகர உடம்படுமெய் பெற்றே வரும். ‘ஏற்பிலா’ என்று வந்தால் அது ஏற்பு இல்லாததுதான். இந்தச் சொல் குடும்பத்தோடு வருவது இன்னொரு வசதி: ஏற்புப் பட்டியல், ஏற்புச் சோதனை, ஏற்புக் காலம். ‘ஏற்புக் காலம் முடிந்தது’ என்று ஒரு பதிப்பைப் பற்றி எழுதினால் விளக்கம் வேண்டியதில்லை.

வசதியே இல்லாததற்குத் ‘திறனிலா வன்பொருள்’. என் இரண்டாவது கணினி இந்த வகை. பயாஸில் அணைந்திருப்பதை இதில் சேர்க்கவே கூடாது. அங்கே ‘மெய்நிகராக்க வசதி பயாஸில் முடக்கப்பட்டுள்ளது’ என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டும் என்று என்ன கட்டாயம்?

மஞ்சள் வரிக்கு ‘வழக்கொழியும் வன்பொருள்’. வழக்கொழிந்த சொல் என்று அகராதிகளில் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதையே ‘ஒழியும்’ என்றால் இன்னும் ஒழியவில்லை, ஒழியப்போகிறது என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. இதை வினைத்தொகையாகச் சுருக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுருக்கினால் காலம் மறைந்துவிடும், நமக்கு இங்கே தேவைப்படுவது அந்தக் காலம்தான்.

இயக்கி இல்லாத அட்டையை இந்த மூன்றில் எதிலும் நான் சேர்க்கவில்லை. ‘இந்தப் பிணைய அட்டைக்கு இயக்கி இல்லை’ என்பதே போதும். அட்டையின் பெயரையும் சேர்த்துக் காட்டினால் புண்ணியம்.

இடையில் ஒன்று: மேலே திரைச்செய்திகளில் ‘செயலி’ என்று தனியே எழுதாமல் ‘மையச்செயலி’ என்றே எழுதினேன். செயலி என்றதும் இன்று செல்பேசியில் இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ‘உங்கள் செயலி ஏற்கப்படவில்லை’ என்று திரையில் வந்தால் பயனர் எதையாவது நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவப் போய்விடுவார். ஹைப்பர்வைசரை அப்படியே விட்டதும் தெரிந்துதான். மேற்பார்வை செய்வதையும் மேற்பார்வை செய்வது என்று அதன் பிறப்பிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. ‘மீமேற்பார்வையாளர்’ என்றால் தேர்வுக்கூடத்துக்கு யாரோ வருவதுபோல இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

திருத்திய வரிகள் இவை:

‘இந்த மையச்செயலி ஏற்புப் பட்டியலில் இல்லை. ஏற்புச் சோதனையைத் தவிர்த்துத் தொடரலாம். விளைவுக்கு நீங்களே பொறுப்பு.’

‘இது திறனிலா வன்பொருள். மெய்நிகர் எந்திரங்களை இயக்க முடியாது, கொள்கலன்களை இயக்கலாம்.’

‘இது வழக்கொழியும் வன்பொருள். அடுத்த பதிப்பில் ஏற்கப்படாமல் போகலாம்.’

இரண்டாவது வரியில்தான் எனக்கு இன்னும் தயக்கம். ‘திறனிலா’ கொஞ்சம் வசைபோல ஒலிக்கிறதோ? ‘வசதியிலா’ என்று மாற்றினால் ஏழை வீட்டுக் கணினி என்று ஆகிவிடும், மறுபடியும் இல்லத்து வாசலுக்கே வந்துவிடுவோம். இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கோப்பைப் பூட்டிவிடுவார்கள்.