'ரிவேர்ட்' பண்ணச் சொல்லும் ஆட்களை என்ன செய்வது?

கொள்ளுப்பிட்டியில் அலுவலக வேலை எனக்கு. காலையில் மெயிலைத் திறந்தால் 'ப்ளீஸ் ரிவேர்ட்'. பழைய நிலைக்குத் திரும்புவதுதானே ரிவேர்ட், பதில் போட 'ரிப்ளை' என்று சின்னச் சொல் இருக்கும்போது ஏன் இந்த வம்பு? போதாக்குறைக்கு 'ரிவேர்ட் பேக்' வேறு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கோ எல்லாமே 'லிட்டரலி', அதாவது சொல்லுக்குச் சொல் உண்மையாக. நேற்று ஒருத்தி "பசியில லிட்டரலி செத்திட்டன்" என்றாள், கையில் பாதி ரோல்ஸ்! உங்களுக்கு எரிச்சல் எது?

வெள்ளவத்தைவாசி:
எனக்கு எரிச்சலை விடச் சிரிப்புத்தான். அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விடைபெறும்போது 'ஐ வில் கோ அண்ட் கம்' என்பார். 'போறன்' என்று சொல்லிப் படியிறங்கக் கூடாது என்று வளர்ந்தவர், ஆங்கிலத்திலும் 'போயிட்டு வாறன்'தான் வரும். அதை நான் திருத்த மாட்டேன்.

பழைய வாத்தியார்:
தம்பி, சொல் ஓரிடத்தில் நிற்காது. 'நைஸ்' ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு மூடன் என்று பொருள். 'யூ' ஒருகாலத்தில் பன்மைக்கு மட்டும், ஒருமைக்கு 'தௌ' இருந்தது. மரியாதைக்காகப் பன்மையை ஒருவருக்கே சொல்லிச் சொல்லி 'தௌ' வழக்கொழிந்தது. நம் 'நீங்கள்' வந்த வழியும் அதுதான், நல்லவேளை 'நீ' பிழைத்துக்கொண்டது. சங்கப் பாட்டில் பூவின் நாற்றம் என்றால் நறுமணம், இன்று மல்லிகை சூடியவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி ஐயா, லிட்டரலியை விட்டுவிடுகிறேன். 'ரிவேர்ட் பேக்'கை மட்டும் மன்னிக்க முடியாது.