எட்டாம் வகுப்பு மகளின் இத்தாலி ஸ்டாலில் யார் யாரை வைக்கலாம்?

செம்பூர் அம்மா:
வணக்கம். மகளின் பள்ளியில் அடுத்த மாதம் கண்காட்சி. குழுவுக்கு ஒரு நாடு, இவள் குழுவுக்கு இத்தாலி. கலை, கடல்வழி, அறிவியல், ஃபேஷன் என்று நான்கு தலைப்பு கொடுத்து, லியோனார்டோ, கொலம்பஸ், கலிலியோ, அர்மானி என்று பெயர்களையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்கு சார்ட் பேப்பர், நான்கு போட்டோ, கீழே பிறந்த வருடம், இறந்த வருடம். போதும் என்றுதான் நானும் இருந்தேன். நேற்று இரவு தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்து, "இதில் ஒரு பெண்கூட இல்லையேம்மா, அப்புறம் இவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் நின்று பார்க்கிற மாதிரி, கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? யாரை எடுக்கலாம், யாரை விடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சயான் வாத்தியார்:
அம்மா, முப்பது வருடம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன், அதனால் அறிவியலோடு நிறுத்திக்கொள்கிறேன். கலிலியோ இருக்கட்டும், ஆனால் தாடி வைத்த அந்தப் படம் வேண்டாம். அவர் நோட்டில் வரைந்ததை வரையச் சொல்லுங்கள். 1610 ஜனவரி 7 இரவு தன் தொலைநோக்கியில் வியாழனைப் பார்க்கிறார், பக்கத்தில் மூன்று சின்ன நட்சத்திரம், இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. மறுநாள் பார்த்தால் மூன்றுமே மேற்கே நிற்கின்றன. 13-ஆம் தேதி நான்கு தெரிகின்றன. நட்சத்திரமாக இருந்தால் இப்படி இடம் மாறாது, இவை வியாழனைச் சுற்றுகிற நிலாக்கள் என்ற முடிவுக்கு வந்தார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நடுவில் ஒரு வட்டம், பக்கத்தில் புள்ளிகள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி. ஒரு சார்ட்டுக்கு இது போதும், பார்க்கிற பிள்ளையே கண்டுபிடித்துவிடும். வியாழன் தெரிகிற மாதமாக இருந்தால் 10x50 பைனாகுலரை மொட்டை மாடிச் சுவரில் ஊன்றிப் பிடித்துப் பாருங்கள், மும்பை வெளிச்சத்திலும் அந்தப் புள்ளிகள் தெரியும். நான் எங்கள் மாடியில் பல தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

கையால் தொட என்றால் வோல்டா. செத்த தவளையின் காலை இரண்டு உலோகத்தால் தொட்டதும் துடித்ததைப் பார்த்த கல்வானி, மின்சாரம் தவளைக்குள்ளேயே இருக்கிறது என்றார். வோல்டாவோ, இல்லை, அந்த இரண்டு உலோகங்கள் சேர்வதில்தான் இருக்கிறது என்றார். தவளையே இல்லாமல் அதைக் காட்டத்தான் 1800-இல் உலோகத் தகடுகளை அடுக்கி முதல் பேட்டரியைச் செய்தார். லோஹார் சால் கடைத்தெருவில் செம்பு வாஷரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வாஷரும் கிடைக்கும். செம்பு, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை, ஜி.ஐ., மறுபடி செம்பு என்று ஆறேழு அடுக்கு வைத்தால் சிவப்பு எல்.இ.டி மங்கலாக எரியும். அட்டையை நன்றாகப் பிழிந்துவிட்டு வைக்க வேண்டும், தண்ணீர் ஓரமாக வழிந்தால் ஷார்ட் ஆகி ஒன்றும் எரியாது. முதல் தடவை எல்லோரும் தவறுகிற இடம் இதுதான்.

முலுண்ட் முத்துக்குளி:
சம்பந்தம் இல்லையா? எங்கள் ஊருக்கே வந்திருக்கிறார்கள்! கொலம்பஸை விட்டுவிடலாம் என்பேன். அவர் ஜெனோவாக்காரர், போனதோ ஸ்பெயினுக்காக. மற்ற கடலோடிகளும் அப்படித்தான், கேபட் போனது இங்கிலாந்துக்காக, வெரசானோ பிரான்சுக்காக. இத்தாலி என்று ஒரு நாடே 1861-இல்தானே வந்தது. வெனிஸ்காரரான மார்க்கோ போலோவை எடுங்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டைப் பார்த்தவர், காயலைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவன், பழையகாயலில் இன்றைக்குப் போய் நின்றால் கடல் தள்ளிப் போய்விட்டது, துறைமுகம் இருந்த சுவடே கண்ணில் படாது. அவர் காலத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிவந்த கப்பல்கள் நின்ற இடம். முத்துக்குளிப்பை எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார் என்றால், கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, சுறா வராமல் மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கு வரைக்கும் வருகிறது. வாங்கிய குதிரைகளுக்குச் சோறும் கறியும் வேகவைத்துப் போடுகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் அவை செத்துப்போகின்றன என்று வருத்தப்படுகிறார். இந்த நாட்டில் தையல்காரனே கிடையாது, யாரும் தைத்த துணி உடுத்துவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அப்புறம் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680-இல் வட இத்தாலியில் காஸ்திலியோனேயில் பிறந்தவர். மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். மகளை ஒரு அட்டையில் 'தென்' என்றும் இன்னொன்றில் 'தேன்' என்றும் எழுதச் சொல்லுங்கள். பழைய ஓலைகளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும், ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். தெற்கா, தேனா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஏ, ஓ என்ற நெடிலுக்குத் தனி வடிவமும் இரட்டைக் கொம்பும் கொண்டுவந்த பெருமை அவருக்குத்தான் சொல்லப்படுகிறது. செய்யுளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த நிகண்டுச் சொற்களை அகர வரிசையில் அடுக்கி 1732-இல் சதுரகராதி செய்ததும் அவரே. இந்த இழையில் நாம் 'ஏ' என்று எழுதும்போதெல்லாம் அவர் கைவேலை இருக்கிறது. கண்காட்சியில் வேறு எந்தக் குழுவாலும் இதைக் காட்ட முடியாது.

தாராவி டெய்லர்:
அக்கா, முத்துக்குளி அண்ணன் எழுதிய தையல்காரன் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து தொண்ணூறடி ரோட்டில் மிஷின் போட்டவர், மூன்று தலைமுறையாகத் தைக்கிறோம். அதனால் அர்மானியை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பணக்காரர் கோட்டு என்று மட்டும் காட்டாதீர்கள். கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. முன்பக்கம் மார்புக்குக் கான்வாஸ், தோளில் பேட், அதன்மேல் ஃபெல்ட், கடைசியில் லைனிங். போட்டுக்கொண்டால் கவசம் மாதிரி நிற்கும், ஆள் எப்படி இருந்தாலும் கோட்டு அதே வடிவத்தில்தான் இருக்கும். 1975-இல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்த அர்மானி இந்தக் கனத்தையெல்லாம் எடுத்தார், துணியை மெல்லிசாக்கினார், கோட்டு உடம்போடு விழுந்தது. எடுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். உள்ளே தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் கட்டிங்கில் கால் அங்குலம் தப்பினாலும் தோளில் சுருக்கம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். பேட் இருந்தால் மறைத்துவிடலாம். முதலில் மருத்துவம் படிக்கப் போனவராம், பாதியில் விட்டவர். 2025 செப்டம்பரில், 91 வயதில் இறந்தார், அன்றைக்கு எங்கள் கடையில் அவரைப் பற்றித்தான் பேச்சு.

செருப்புக்கு ஃபெர்ரகாமோ. அவருடைய வேலைக்கு நல்ல எஃகு வேண்டும், பாத வளைவைத் தாங்க செருப்புக்குள் வைக்கிற தகடு அது. 1935-இல் இத்தாலி எத்தியோப்பியா மேல் படையெடுத்ததால் பொருளாதாரத் தடை வந்து எஃகு கிடைக்காமல் போனது. அவர் சார்டினியாவின் கார்க் கட்டையை எடுத்து, குதிகாலுக்கும் பாதத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பிவிட்டார். இன்றைக்கு லிங்கிங் ரோட்டில் வாங்குகிற வெட்ஜ் ஹீல் அங்கிருந்து வந்தது. கோலாப்பூர்ச் செருப்பையும் பக்கத்தில் வையுங்கள். 2025 ஜூனில் மிலானில் பிராடா என்ற ஃபேஷன் கம்பெனி காட்டிய செருப்பு அதே மாதிரி இருந்தது, இங்கே கைவினைஞர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் இந்தியச் செருப்பைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுவும் தெரியட்டும்.

மாட்டுங்கா டாக்டரம்மா:
மகள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ரீட்டா லேவி மொந்தால்சினி. 1909-இல் டூரினில் பிறந்த யூதப் பெண், டாக்டருக்குப் படித்தவர். யூதர்களுக்கு எதிரான 1938 இனச் சட்டங்கள் வந்து வேலையை விட்டு விரட்டியபோது படுக்கையறையிலேயே ஆய்வகம் வைத்தார். தையல் ஊசியைத் தீட்டித் தீட்டிக் கத்தியாக்கி, கோழிமுட்டைக் கருவில் நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்தார். குண்டு விழ ஆரம்பித்ததும் கிராமத்துக்குப் போய், சைக்கிளில் பண்ணை பண்ணையாக முட்டை கேட்டு அலைந்தார். அந்த வழியில் போய்த்தான் நரம்பை வளரத் தூண்டுகிற பொருளான நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்து, 1986-இல் ஸ்டான்லி கோஹனோடு நோபல் வாங்கினார். 103 வயது வரை இருந்தார். டெய்லர் தம்பி ஓர் ஊசி கொடுத்தால் ஒரு முட்டை பக்கத்தில் அதை வையுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

கலைக்கு லியோனார்டோவோடு ஆர்தமீசியா ஜென்டிலெஸ்கியையும் சேருங்கள். 1616-இல் ஃபிளாரன்ஸ் ஓவியக் கழகம் சேர்த்துக்கொண்ட முதல் பெண். அதற்கு முன் 1612-இல், தனக்குப் பாலியல் வன்முறை செய்தவன் மேல் நடந்த வழக்கில், உண்மை சொல்கிறாளா என்று பார்க்க விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். ஓவியம் வரைகிற விரல்கள். சொன்னதையே திருப்பிச் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மரியா மாண்டிசோரியை யாரும் சொல்லவில்லையே! 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். மறு வருடம் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவர் என்று அங்கேயே கட்டுப்படுத்தி வைத்தார்கள். மகன் மாரியோவை நம் அகமத்நகரில் அடைத்துவிட்டு, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில் விட்டார்கள். பிறகு மாண்டிசோரி கொடைக்கானலிலும் இருந்தார்.

செம்பூர் அம்மா:
எல்லோருக்கும் மிக்க நன்றி. படித்துக் காட்டியதிலிருந்து மகள் 'தென்', 'தேன்' என்று நோட்டு முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறாள். கொலம்பஸை எடுத்துவிட்டாள், மார்க்கோ போலோ உள்ளே. வாத்தியார் சார், வாஷர் எத்தனை மில்லிமீட்டர் வாங்க வேண்டும்? டெய்லர் தம்பி, பழைய கோட்டு ஏதாவது இருந்தால் பிரித்துக் காட்ட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன்.

தாராவி டெய்லர்:
பத்து மணிக்கு மேல் வாருங்கள் அக்கா. ஒரு கோட்டு இருக்கிறது, பாதி பிரித்து வைக்கிறேன், மீதியைப் பாப்பாவே பிரிக்கட்டும். ஊசியும் தருகிறேன்.