கலைச்சொல் தேவை: மூட்டுகள் எல்லை தாண்டி வளையும் உடல்வாகு

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ஆடலும் பாடலும் கற்பிப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஹைப்பர்மொபிலிட்டி’க்கு ஒரு சொல் வேண்டும். மூட்டுகள் வழக்கமான எல்லையைத் தாண்டி அசையும் உடல்வாகு அது. பக்கத்துக்குப் பக்கம் வருவதால் சொல் சுருக்கமாக இருக்க வேண்டும். முதலில் ‘மிகையியக்கம்’ என்று போட்டேன். ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்றிருக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதுபவர்கள் அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘மீநெகிழ்வு’ என்க. மீயொலி (அல்ட்ராசவுண்ட்), மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) எல்லாம் நிலைத்துவிட்டன. ‘மீ’ என்றால் மேல்; அது இடம் குறிக்கும் கிளவி என்பது தொல்காப்பியம். ‘மீமிசை ஞாயிறு’ ஒருபொருட்பன்மொழிக்கு எடுத்துக்காட்டாக வருவது அனைவரும் அறிந்ததே. ‘நெகிழ்’ இன்னும் பொருத்தம். ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது குறள் (1236). அதிகாரமோ ‘உறுப்புநலன் அழிதல்’. பிடித்து நின்றது பிடி விடுவதே நெகிழ்தல். ‘ஞெகிழ்’ என்ற பழைய வடிவமும் உண்டு. ‘ஞெகிழம்’ என்றால் சிலம்பு. காலில் தளர்ந்து கிடப்பதால் அப்பெயர் வந்தது என்பது என் துணிபு. ஆடலுக்குரிய கையேட்டில் அந்த வேர் வருவது எவ்வளவு அழகு!

நடன ஆசிரியை:
ஐயா, செய்யுளில் நெகிழ்வது இழப்பு. வகுப்பில் அது பாராட்டு. ‘நல்ல நெகிழ்வான உடம்பு’ என்று ஒரு பிள்ளையைச் சொல்லிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அவள் காலை இன்னும் உயரத் தூக்குவாள். ‘மீநெகிழ்வு’ என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு என்றே எடுத்துக்கொள்வாள். தசை நீண்டு கொடுப்பது பயிற்சியால் வருவது. இந்தப் பிள்ளைகளுக்கு மூட்டைக் கட்டி நிறுத்தும் தசைநாரே கூடுதலாக இழுபடுகிறது. முட்டி பின்பக்கம் வில்லாக வளைந்து நிற்கும். அவளுக்கு அதுதான் ‘நேர்’. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வு பலருக்கு மங்கலாக இருப்பதால், ‘நேராக நில்’ என்று சொல்லிப் பயனில்லை. கண்ணாடியில் காட்ட வேண்டும், அனுமதி கேட்டு விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ‘முட்டியை லாக் பண்ணாதே, கடைசிவரை போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்து’ என்று பழக்க வேண்டும். மூட்டைத் தாங்கத் தசை இறுகுவதை ‘ஸ்ட்ரெட்ச் போதவில்லை’ என்று தவறாக எண்ணி மேலும் இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது வலு. ஆகவே சொல்லைக் கேட்டதுமே ஒரு கவனம் வர வேண்டும். ‘மூட்டுத்தளர்வு’ என்பது என் பரிந்துரை.

பாட்டு ஆசிரியர்:
‘தளர்வு’ எங்கள் வகுப்பில் கட்டளை. ‘தாடையைத் தளர்த்து, தோளைத் தளர்த்து’ என்றுதான் நாள் முழுக்கச் சொல்கிறோம். இந்த உடல்வாகு உள்ளவர்களிடம் அதையே சொன்னால் சிலருக்குத் தாடை அளவுக்கு மேல் திறந்து நழுவிவிடுகிறது. ‘வாயைப் பெரிதாகத் திற’ என்பதை அவர்களிடம் நான் சொல்வதே இல்லை. குரல்வளைக் குருத்தெலும்புகளுக்கு இடையிலும் சிறு மூட்டுகள் உண்டு என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. முட்டியைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்று பாடினால் தலைசுற்றும். உட்காரவிட்டுப் பாட வைக்கலாமே. உட்கார்ந்து பாடுவதைச் சோம்பல் என்று திட்டும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது மாற வேண்டும்.

இயன்முறை மருத்துவர்:
தளர்வு தசைநாரின் தன்மை, கேட்கப்படும் சொல்லோ அசைவின் அளவைக் குறிப்பது. இரண்டையும் கலக்க வேண்டாம். மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று பார்க்கும் பெய்ட்டன் மதிப்பெண் மொத்தம் 9: இரு சுண்டுவிரல், இரு கட்டைவிரல், இரு முழங்கை, இரு முழங்கால் என 8, முட்டி மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் 1. முழங்கையும் முழங்காலும் 10 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைகின்றனவா என்று பார்க்கிறோம். அளப்பது அசைவைத்தான், எனவே ‘மூட்டு மிகையசைவு’. இன்னொன்று: ‘நோய்’, ‘குறைபாடு’ என்று வால் சேர்க்காதீர்கள். வலியே இல்லாமல் வாழ்நாள் முழுக்க ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். இணைப்புத்திசுவைப் பாதிக்கும் மரபுவழி நோய்களான எலர்ஸ்-டான்லோஸ் வகைகள் வேறு பேச்சு. 2017 வகைப்பாட்டில் அவை 13.

தமிழாசிரியர்:
‘மிகையசை’ என்று கண்டால் யாப்பு படித்தவன் சீரில் ஓர் அசை கூடிவிட்டதென்று நினைப்பான். ‘ஒசிவு’ என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு ஒசிதல் என்பதில் வளைவும் உண்டு, முறிவும் உண்டு. அம்மா கேட்ட எச்சரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது.

நடன ஆசிரியை:
பொருள் நெஞ்சைத் தொடுகிறது ஐயா. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கு ஒசிவு’ என்றால், உடைந்துபோவோம் என்று பயந்துவிடுவாள். அந்தப் பயத்தோடு ஆட முடியாது.

மொழிபெயர்ப்பாளர்:
இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன ‘மூட்டு மிகையசைவு’ அசைவின் அளவை நேராகச் சொல்கிறது; அதையே வைக்கிறேன். முதல் முறை வருமிடத்தில், இது பாராட்டும் அன்று, நோயும் அன்று என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

நடன ஆசிரியை:
அந்த வரியை அடிக்குறிப்பில் போடாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். பயிற்சிப் பகுதி தொடங்கும் பக்கத்தில், பெரிய எழுத்தில் வேண்டும்.

தமிழாசிரியர்:
என் வாக்கு ‘ஒசிவு’க்கே. சொல்லடைவிலாவது இடம் கொடுங்கள்.