தெருக்கோடியில் 320 வீடுகள்: போக்குவரத்து பற்றிய ஆட்சேபத்தை எப்படி எழுத வேண்டும்?

கேள்வி – சரிவுத்தெருக்காரி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவின் கோடியில் பல ஆண்டுகளாகப் புதர் மண்டிக் கிடந்த சரிவு நிலத்தில் 320 டவுன்ஹவுஸ் வீடுகள் கட்டுவதற்கு விண்ணப்பம் அளிக்கப்பட்டிருப்பதாக வேலியில் அறிவிப்பு மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் வெளியே செல்வதற்கு இருப்பது ஒரே வழிதான். அது கீழே இறங்கி, ஹிகின்சன் நெடுஞ்சாலைக்குப் போகும் சாலையைத் தொடும் இடத்தில், பள்ளி நாட்களில் காலை ஆறே முக்கால் மணிக்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு பக்கம் பிள்ளைகளை இறக்கிவிடும் கார்கள்; மறுபக்கம் நிறுத்தமே இல்லாத வளைவில் ஆள் ஏற்றும் டாக்சிகள் (பலர் சேர்ந்து போகும் சிற்றுந்துகள்). பேருந்து ஒன்று திரும்ப வேண்டுமென்றால், எதிரே வரும் பக்கி (சிறு சரக்கு வண்டி) பின்வாங்கி இடம் விட்டாக வேண்டும்.

"போக்குவரத்து நெரிசல் கூடும், ஆகவே எதிர்க்கிறோம்" என்று ஒரே வரியை எழுதி, அதன் கீழ் தெருவே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. இது போதுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

போதாது அம்மா. ஆட்சேபங்களை வாக்குச் சீட்டுகளைப் போல எண்ணி முடிவு செய்வதில்லை. நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ப்ளூமா (SPLUMA) சட்டத்தின் 42ஆம் பிரிவு, முடிவெடுப்பவர்கள் பொதுநலனையும், பாதிக்கப்படுவோரின் உரிமைகளையும், சாலை, குடிநீர், கழிவுநீர் போன்ற பொறியியல் வசதிகளின் நிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே ஐந்நூறு கையெழுத்துகளைவிட, எந்தச் சந்திப்பில், எந்த நேரத்தில், என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம் வலுவானது.

முதலில் விண்ணப்பக் கோப்பைப் பார்க்கக் கேளுங்கள். உச்ச நேரத்தில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பயணங்களை உண்டாக்கும் திட்டத்திற்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்கள் பின்பற்றும் டிஎம்எச் (TMH) 16 கையேட்டின் நெறி; உங்கள் திட்டம் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுகிறது. டிஎம்எச் 17 கையேடு, டவுன்ஹவுஸ் ஒன்றுக்கு உச்ச மணி நேரத்தில் 0.85 பயணம் என்று வைக்கிறது. அப்படியானால் 320 வீடுகளுக்கு 272 பயணங்கள். காலையில் அவற்றில் முக்கால் பங்கு வெளியே செல்பவை, அதாவது 204 வண்டிகள். ஏறத்தாழ பதினெட்டு நொடிகளுக்கு ஒரு வண்டி, ஏற்கெனவே நிற்கும் அந்த வரிசையின் வாலில் வந்து சேரும்.

ஆனால் மதிப்பீட்டாளர்கள் இந்த எண்ணைக் குறைத்துக் காட்டவும் இடம் இருக்கிறது. குடிவரப்போகிறவர்களிடம் கார் குறைவாகவே இருக்கும் என்று கொண்டால், கையேடே கழிவு தருகிறது. அந்தக் கழிவு எடுக்கப்பட்டிருக்கிறதா, எந்தக் காரணத்தைச் சொல்லி எடுத்தார்கள் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், வண்டிகளை எண்ணிய தேதி. பள்ளி விடுமுறையில் எண்ணியிருந்தால், நீங்கள் சொல்லும் வரிசை அந்த அறிக்கையில் இருக்கவே இருக்காது. என் அனுபவத்தில், ஓர் அறிக்கை தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, எண்ணிய நாளில்தான்.

பதில் 2 – மேகசின் பேரக்ஸ் பேரன்

பொறியாளர் ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம் தாத்தா பாட்டிகளை எடுத்துவந்து 1960களில் இங்கே குடிவைத்தார்கள். ஒருபுறம் உம்லாஸ் ஆறும் மறுபுறம் உம்ஹ்லதுசானா ஆறும் இருக்க, இடைப்பட்ட குன்றுகளில் போட்ட நகரம் இது. உள்ளே வரவும் வெளியே போகவும் சில வாயில்களே போதும் என்று அன்றைய அரசு நினைத்தது. இன்று நாம் அனுபவிக்கும் நெரிசலில் பாதி அந்தத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதற்கான தண்டனையை, வீடில்லாமல் காத்திருப்பவர்கள் தலையில் ஏற்றுவது எப்படி நியாயமாகும்? நம் வீட்டுக் கொல்லைகளில் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோமே, அந்தக் குடும்பங்களின் கார்களுக்காக யாராவது மதிப்பீடு கேட்டோமா?

ஸ்ப்ளூமா சட்டத்தின் கொள்கைகளில் முதலாவது இடநீதி, அதாவது அன்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் நிலத்தில் நியாயமான இடம் கிடைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். "இங்கே யாரும் வரக்கூடாது" என்ற மனநிலையைப் போக்குவரத்து என்ற போர்வையில் மூடினால், விண்ணப்பத்தை முடிவு செய்யும் திட்டமிடல் தீர்ப்பாயம் அதைக் கண்டுகொள்ளும்.

பதில் 3 – வளைவில் வசிப்பவர்

தம்பி, உன் கோபம் புரிகிறது. ஆனால் அந்த வளைவில் குடியிருப்பவள் நான். காலையில் என் வாசல் கேட்டைத் திறக்கக்கூட முடியாதபடி டாக்சி வந்து நிற்கிறது. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நிற்பதற்கு யாரும் இடம் அமைத்துத் தரவில்லை. புதிதாக வருபவர்களில் பலரும் டாக்சியில்தான் போய்வருவார்கள் என்றால், காரைக் கழித்த கணக்கில் டாக்சியைக் கூட்டினார்களா? பேசுவதெல்லாம் காரைப் பற்றியதாகவே இருக்கிறது. நடைபாதையே இல்லாத அந்தச் சரிவில் பள்ளிப் பிள்ளைகள் வண்டிகளோடு வண்டிகளாக நடக்கிறார்கள். மழை நாளில் ஓரத்து மண் வழுக்குவதால் நடுச்சாலைக்கே வந்துவிடுகிறார்கள். கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் மண் லாரிகளும் இதே வழியாகத்தானே ஏற வேண்டும்?

பதில் 4 – ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. தம்பி சொன்னதற்கும் அதிலேயே விடை இருக்கிறது. வீடுகளே வேண்டாம் என்று எழுதாமல், எந்த நிபந்தனையோடு வரலாம் என்று எழுதுங்கள். சட்டப்படி ஒப்புதலை நிபந்தனைகளுடன் வழங்க முடியும். மனைக்குள் இருக்கும் சாலையையும் குழாய்களையும் விண்ணப்பதாரர் அமைக்க வேண்டும். வெளியே உள்ளவை மாநகராட்சியின் பொறுப்பு. ஆனால் 49ஆம் பிரிவின்படி, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வெளிப்புற வேலையை விண்ணப்பதாரரே செய்து, அதன் நியாயமான செலவை, மாநகராட்சிக்குத் தான் செலுத்த வேண்டிய வளர்ச்சிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே சந்திப்பில் ரோபோ விளக்கு (போக்குவரத்து சிக்னல்) அல்லது சுற்றுவட்டம், வளைவைத் தாண்டி டாக்சிகளுக்கு ஒதுக்கிடம், பள்ளிவரை நடைபாதை, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளுக்குத் தடை ஆகியவற்றைக் கேளுங்கள். முதல் மூன்றும் முதல் குடும்பம் குடியேறும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்ற காலவரம்பையும் சேர்த்துக் கேளுங்கள். காலவரம்பு இல்லாத நிபந்தனையை நிறைவேற்றியதை என் பணிக்காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள். முடிவு உங்களுக்குப் பாதகமாக வந்தால், அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மாநகர மேலாளரிடம் காரணங்களுடன் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். அப்போது முதல் கடிதத்தில் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதும் பார்க்கப்படும்.

பதில் 5 – சரிவுத்தெருக்காரி

மிக்க நன்றி ஐயா. கையெழுத்துத் தாளை நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஓரிருவருக்கு வருத்தம்தான். வளைவு வீட்டு அக்கா, பள்ளி நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் வாசலில் அமர்ந்து ஆறரை முதல் எட்டு மணிவரை எண்ணலாமா? கார், டாக்சி, பேருந்து, நடந்து போகும் பிள்ளைகள் என்று நான்கு நெடுவரிசைகள் போட்ட தாளை நான் கொண்டுவருகிறேன். மேகசின் பேரக்ஸ் தம்பியும் வந்தால் நல்லது. கடிதத்தின் முதல் பத்தியை, வீடுகளை நாங்கள் எதிர்க்கவில்லை என்பதை, அவரே எழுதித் தரட்டும்.