புதுப்பிப்பு: நெல்லையிலிருந்து கொச்சி வொண்டர்லா, போய் வந்தாச்சு

பிள்ளைகள், ஆச்சியோடு கொச்சி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் காரிலா ரயிலிலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. பாலருவி எக்ஸ்பிரஸைச் சொன்ன அண்ணாச்சியின் யோசனைதான் கைகொடுத்தது. ராத்திரி திருநெல்வேலியில் ஏறிப் படுத்தோம். காலையில் ஆலுவாவில் இறங்கி, பூங்கா இருக்கும் பள்ளிக்கரைக்கு ஆட்டோ. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று ஒருவர் எச்சரித்திருந்ததால், ஆச்சி கட்டிய புளியோதரையை நடைமேடையிலேயே காலி செய்தோம். காலையில் ராட்டினம், மதியத்துக்கு மேல் தண்ணீர் விளையாட்டு என்று நீங்கள் சொன்ன வரிசையும் சரிதான்.

எதிர்பாராதது இரண்டு. பருத்தி உடையோடு தண்ணீரில் விடமாட்டார்கள், நைலான்தான் வேண்டும். அங்கேயே வாங்கினேன், செலவு. அப்புறம், பெரிய ராட்டினத்துக்கு உயரம் அளந்தபோது சின்னவள் இரண்டு விரற்கடை குறைந்தாள். உச்சிக்கொண்டை போட்டு நிமிர்ந்து நின்றும் பலிக்கவில்லை. வீட்டிலேயே அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.