லெபோ பினாங்குக் கிட்டங்கிகள்: நடத்தியவர்களைத் தேடுவோருக்கு

ஜார்ஜ்டவுன்வாசி:
பினாங்கில் பழைய தங்குமிடம் என்றாலே 1885-இல் சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஓட்டலைத்தான் பேசுகிறார்கள். வட்டிக்கடை நடத்த வந்த செட்டியார்கள் தங்கியது லெபோ பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில்; கடையும் தங்குமிடமும் ஒன்றான கட்டடங்கள் அவை. அங்கே விடுதிக்காரர் என்று தனியாக ஒருவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். நீளமான ஒரே கூடம், தடுப்பு கிடையாது. ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் ஒரு குட்டை மேசை, ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டி. பகலில் அதன் முன் தரையில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு. ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுக்கை. சமையலுக்குப் பொதுவில் ஆள் உண்டு. முதலாளியின் ஏஜெண்டான மேலாள், அவருக்குக் கீழ் அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மேலாள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கை முடித்து ஊருக்குக் கப்பலேறுவார், வேறொருவர் வந்து உட்காருவார்.

அதனால் ஆள் பெயரை வைத்துத் தேடினால் மூன்று வருஷத்தில் தடம் அறுந்துவிடும். கடையின் அடையாளக் குறியான மார்க்காவைப் பிடியுங்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது அது. ஏஜெண்டு எத்தனை பேர் மாறினாலும் மாறாது. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் தேடும்போது செட்டி, செட்டியார் இரண்டையும் போடுங்கள். லட்சுமணன், லெட்சுமணன், லெச்சுமணன் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம்.

ஆயர் ஈத்தாம்காரன்:
மார்க்கா சரி. ஆனால் சொத்துப் பத்திரத்தில் பெயர் இருப்பதாலேயே அவர் பினாங்கில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். முதலாளி செட்டிநாட்டிலேயே இருப்பார். அவரிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கிய ஏஜெண்டுதான் இங்கே கையெழுத்துப் போடுவார். 'இன்னாரின் ஏஜெண்டு' என்ற வரியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பினாங்கில் நிலம் கைமாறுவதற்கு 1966 வரை நடந்தது பழைய சாசன (deeds) முறை. இன்றைய கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) மட்டும் பார்த்தால் அதற்கு முந்தைய கைமாற்றம் பிடிபடாது, பழைய சாசனங்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

லெபோ குயின்:
அதே தெருவில் இருக்கும் செட்டியார்களின் கோவில் வீட்டை மறந்துவிட்டீர்களே! தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் புறப்படுவது லெபோ பினாங்கில் அந்த வாசலிலிருந்துதான்; போய்ச் சேருவது தண்ணீர்மலைப் பக்கம், நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்கு.

பழைய கடைவீட்டை ஓட்டலாக மாற்றுகிறவர்களுக்கு: சுவர் செங்கல், பூச்சு சுண்ணாம்பு. அதன்மேல் சிமெண்டு பூசினால் அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, பெயிண்டோடு சேர்ந்து உரியும். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மேலே சுண்ணாம்பு வெள்ளை. எண்ணெய்ப் பெயிண்டு வேண்டவே வேண்டாம். பூச்சைக் கொத்துவதற்கு முன் முகப்பில் மார்க்கா எழுத்து இருக்கிறதா பாருங்கள், இருந்தால் படம் எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.