ஷாட்கனில் 24 கிராம் தோட்டாவில் மட்டும் காலி ஓடு சிக்குகிறது: காரணம் என்னவாக இருக்கும்?

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் பயிற்சிக்கு நான் பயன்படுத்தும், வாயு அழுத்தத்தால் இயங்கும் 12 கேஜ் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் (28 அங்குலக் குழல், 3 அங்குலத் தோட்டா அறை), மூன்று வாரங்களாக 24 கிராம் (உள்ளிருக்கும் சிறு குண்டுகளின் மொத்த எடை) தோட்டாக்களைச் சுடும்போது ஐந்தாறு முறைக்கு ஒருமுறை காலி ஓட்டை வெளியே தள்ளாமல் பிடித்துக்கொள்கிறது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட்டும் (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) பல வேளைகளில் திறந்த நிலையில் நிற்பதில்லை. 32 கிராம் தோட்டாக்களில் இந்தக் குறையே இல்லாததால், போல்ட் முழுத் தொலைவுக்குப் பின்னே வரவில்லை என்று கருதுகிறேன்.

இது தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், முன்பக்க எடையைக் கூட்டுவதற்காக மேகசின் மூடியை (தோட்டாக் குழாயின் முனையில் திருகி, குழலைப் பிடித்து நிறுத்தும் மூடி) கனமான ஒன்றாக மாற்றி, பெரிய போல்ட் கைப்பிடியும் பொருத்தினேன். கைப்பிடியைப் பழையபடி மாற்றியும் பயனில்லை. பழைய மூடியையோ கவனக்குறைவாகத் தொலைத்துவிட்டேன். வாயுத் துளைகளின் கரியை நீக்கி, பிஸ்டனைச் சுத்தம் செய்து, ஓ-ரிங்கையும் போல்ட்டை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றி, காலி ஓட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் தோட்டா அறையையும் துடைத்து, வேறு இரண்டு வகை 24 கிராம் தோட்டாக்களையும் சுட்டுப் பார்த்துவிட்டேன். இருபது முப்பது தோட்டாக்களுக்குப் பின் புதிய மூடி சற்றுத் தளர்ந்து, குழல் இலேசாக முன்பின் அசைவதை மட்டும் கவனித்தேன்.

மூடி தளர்வதால் குழல் நகர்ந்து வாயு கசிவதுதான் இதற்குக் காரணமா, அல்லது நான் வேறொரு பாகத்தைச் சோதிக்க வேண்டுமா?